புயலுக்கு அப்பறம் நாள்கணக்குல கரண்ட் இல்லாம இருந்தவங்க வாங்க, ஊர்ல தனியா இருக்கற அப்பா அம்மாவுக்கு என்ன ஏற்பாடு பண்ணி வைக்கிறது?

பேராவூரணி_பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். ஐப்பசி பொறந்துருச்சு, வங்கக்கடல்ல காத்தழுத்தம்னு ஒரு வார்த்தை காதுல விழுந்தாலே எனக்கு வயித்த பெசையுது. நான் கோயமுத்தூர்ல இருக்கேன், அப்பா அம்மா பேராவூரணி பக்கம் கிராமத்துல தனியா இருக்காங்க. அப்பாவுக்கு 74 வயசு, சுகர், தினம் ரெண்டு வேள இன்சுலின். அம்மாவுக்கு மூச்சு எரைப்பு, ராத்திரி ரொம்ப முடியலன்னா நெபுலைசர் வைக்கணும்.

2018 நவம்பர் 16, கஜா புயல் அடிச்ச அன்னிக்கு நான் அந்த வீட்லதான் இருந்தேன், பிரசவம் ஆகி 40 நாள். ராத்திரி முழுக்க கதவுக்கு பின்னால கட்டில நகத்தி வச்சுக்கிட்டு புள்ளைய மடியில போட்டுக்கிட்டு உக்காந்துருந்தோம், விடிஞ்சு கதவ தொறந்தா தோப்பு இல்ல. 180 தென்னையில 14 நின்னுச்சு. அப்பா வாசப்படியில உக்காந்தவர் சாயங்காலம் வரைக்கும் எந்திரிக்கல. வேதாரண்யத்துக்கும் நாகைக்கும் நடுவுல கரையேறுனுச்சுன்னு எங்களுக்கு மூணு நாள் கழிச்சு ஒரு பழைய பேப்பர் பாத்துதான் தெரியும். எங்களுக்கு கரண்ட் வந்தது 23வது நாள்.

நான் சொல்ல வர்றது என்னன்னா, இருட்டு ஒரு பெரிய கஷ்டமே இல்ல. தண்ணிதான். வீட்டுக்கு வீடு போர் போட்டு உள்ள சப்மெர்சிபிள் மோட்டார் எறக்கியாச்சு, கரண்ட் இல்லன்னா ஒரு சொட்டு வராது. எங்க கொல்லையில இருந்த கிணத்த போர் போட்ட கையோட அப்பா காங்கிரீட் பலக போட்டு மூடிட்டாரு. தெரு முக்குல இருந்த அடிபம்புல கைப்பிடிய கழட்டிட்டு மோட்டார் வச்சு சின்டெக்ஸ் டேங்க் வச்சுருந்தாங்க, அதுவும் செத்துருச்சு. பச்ச உடம்புக்காரி, கைப்புள்ள, அலசறதுக்கு தண்ணி இல்லாம துணிய அப்படியே மூலையில குமிச்சு வச்சது இன்னும் கனவுல வருது. அம்மா அரை மைல் நடந்து ஒரு பழைய கொல்லக் கிணத்துல எறச்சு தலையில தூக்கிட்டு வருவாங்க, அவங்களுக்கு அப்பவே எரைப்பு இருந்துச்சு.

இப்ப அண்ணன் ஜென்செட் (ஜெனரேட்டர்) வாங்கலாங்கறான், வீட்டுக்காரர் பெரிய இன்வெர்ட்டர் போடலாங்கறாரு. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க, எது முதல்ல?

வெயில்_மின்சாரம்:
சகோதரி, நான் சோலார் இன்வெர்ட்டர் வேல பாக்கறவன், அதனால கணக்கா சொல்றேன். 12 வோல்ட் 150 ஏஎச் பேட்டரி ஒண்ணு முழுசா சார்ஜ் ஆகியிருந்தா ஏட்டுக்கணக்குல 1800 வாட் அவர், நடைமுறையில 1200லேர்ந்து 1300 வரைக்கும் நம்பலாம், பழைய பேட்டரின்னா அதுவும் இல்ல. சாதா சீலிங் ஃபேன் 75 வாட், கரண்ட் கம்மியா இழுக்கற பிஎல்டிசி ஃபேன் 30 வாட். அம்மா அப்பா ஒரே ரூம்ல படுத்து ஒரு பிஎல்டிசி ஃபேன், ஒரு 9 வாட் எல்இடி மட்டும் ராத்திரி எட்டு மணி நேரம் ஓடுனா 300 வாட் அவர் சொச்சந்தான், அப்ப நாலு ராத்திரி தாங்கும். அதே வீட்ல டிவி ஃப்ரிட்ஜ்னு எல்லாத்தையும் இன்வெர்ட்டர் லைன்ல கோத்து வச்சிருந்தீங்கன்னா மறுநாளே படுத்துரும், அப்பறம் அந்த பேட்டரிய ஏத்தறதுக்கு கரண்ட் வேணும்ல.

இன்னொரு விஷயம் நெறைய பேருக்கு தெரியல. இப்ப மானியத்துல மாடியில சோலார் போட்டவங்க, "எங்களுக்கென்ன, வெயில் அடிச்சா கரண்ட்"னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க. அது ஈபி லைனோட சேந்து ஓடற ஆன்-கிரிட் இன்வெர்ட்டரா இருந்தா ஈபி சப்ளை நின்ன உடனே அதுவும் தானா நின்னுரும், பட்டப்பகல்ல வெயில் கொளுத்துனாலும் வராது. லைன்ல வேல பாக்கறவன் உயிருக்காக வச்ச ஏற்பாடு அது. புயலுக்கு உதவணும்னா பேட்டரியோட ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வேணும். இல்லன்னா சின்னதா ஒரு பேனல், சார்ஜ் கன்ட்ரோலர், பேட்டரின்னு தனியா வச்சுக்கணும். அந்த பேனலயும் புயலுக்கு முந்தின நாளே கழட்டி உள்ள வச்சுருங்க.

சோழிங்கநல்லூர்_சங்கர்:
எதுக்கு இவ்ளோ யோசன. ஜென்செட் ஒண்ணு வாங்கி வச்சுருங்க முடிஞ்சது. வர்தா புயல் அப்ப எங்க அபார்ட்மெண்ட்ல அதான் காப்பாத்துச்சு.

முந்திரிக்காடு:
@சோழிங்கநல்லூர்_சங்கர் அண்ணே, அபார்ட்மெண்ட் வேற கிராமம் வேற. நான் பண்ருட்டி பக்கம், 2011 டிசம்பர் 30 காலையில தானே புயல் வந்தப்ப எனக்கு கல்லூரி வயசு. பலா, முந்திரி எல்லாம் வேரோட போச்சு, தாத்தா வச்ச பலா மரம், அதுக்கு எங்க வீட்டு ஆளு ஒருத்தர் செத்த மாதிரி வீட்ல அழுதாங்க. ஜென்செட்டுன்னா டீசல் பெட்ரோல் வேணும், ரோட்ல மரம் விழுந்து கெடக்கு, பங்க்ல பம்பு ஓடவே கரண்ட் வேணும், ஜென்செட் வச்சிருந்த பங்க்ல கூட்டம் கேன் கேனா நிக்குது. வீட்டுக்கு வீடு ஜென்செட் ஓட்டறதுக்கு எண்ணெய் எங்க போறது.

நாங்க பண்ணுனது என்னன்னா தெருவுல எல்லாரும் காசு போட்டு ஒரு ஜென்செட்ட வாடகைக்கு எடுத்து டிராக்டர்ல ஏத்தி தெருத்தெருவா கொண்டுபோனோம். ஒரு வீட்டு போர்ல இருபது நிமிஷம் ஓட்டறது, அக்கம்பக்கத்துல நாலு வீட்டுக்காரங்க கொடம் டிரம் அண்டா எல்லாத்தையும் ரொப்பிக்கறது, அடுத்த தெருவுக்கு நகர்றது. முதல் ரெண்டு நாள் சண்டதான், யார் வீட்டுக்கு முதல்லன்னு. அப்பறம் ஒரு அத்தை நோட்டு போட்டு எழுதுனாங்க, வயசானவங்க கைப்புள்ளக்காரி வீடு முதல்ல, சண்ட நின்னுச்சு. அக்கா, உங்க அப்பா அம்மா தெருவுல இந்த மாதிரி நோட்டு எடுத்து எழுதற ஆளு யாருன்னு இப்பவே கண்டுபுடிச்சு பேசி வைங்க. அதான் முதல் வேல.

சோழிங்கநல்லூர்_சங்கர்:
சரி தம்பி நீங்க சொல்றது நியாயந்தான், நான் அந்த கோணத்துல யோசிக்கல. ஆனா வர்தால கத்துக்கிட்ட ஒண்ண சொல்றேன். 2016 டிசம்பர் 12, பணமதிப்பிழப்பு அறிவிச்சு ஒரு மாசம் ஆகியிருந்த நேரம், கையில நோட்டே இல்ல, எல்லாரும் கார்டுல வாங்கி பழகிட்டோம், புயல் அடிச்ச உடனே கார்டு மெஷின் இல்ல ஏடிஎம் இல்ல. எதிர் கடை அண்ணாச்சி கடன் கொடுத்தாரு, அதுல சாப்டோம். இப்ப யூபிஐ வந்து இன்னும் மோசம், யார் பர்ஸ்லயும் காசு கெடையாது. வீட்ல பத்து, இருபது, அம்பது நோட்டா ஒரு கட்டு இருக்கட்டும். 500 ரூபா நோட்டுக்கு அந்த நேரத்துல சில்லற கிடைக்காது.

பேராவூரணி_பொண்ணு:
@முந்திரிக்காடு தம்பி, நோட்டு எழுதுன அத்தைய பத்தி படிச்சதும் அழுக வந்துருச்சு. கஜால எங்க தெருவுலயும் அப்பறமா ஜென்செட் வந்துச்சு, ஆனா மணிக்கு இவ்வளவுன்னு வெளியூர் ஆள் ஒருத்தர் வாடகைக்கு ஓட்டுனாரு, நாள் ஆக ஆக ரேட்ட ஏத்திக்கிட்டே போனாரு. காசு இருந்தவங்க ரொப்பிக்கிட்டாங்க. செல்லு சார்ஜ் போடக்கூட காசு கேட்டாங்க. ஆனா நல்லதும் நடந்துச்சு, கரவ மாட்டுப்பால ஊத்தறதுக்கு வழியில்லன்னு கீழத்தெருக்காரங்க பத்து நாள் கைப்புள்ள இருக்கற வீட்டுக்கெல்லாம் சும்மாவே கொடுத்தாங்க, எங்க வீட்டுக்கும் வந்துச்சு, எனக்கு காப்பி அதுலதான்.

ஓய்வுபெற்ற_லைன்மேன்:
இந்த இழைய என் மக காட்டுனா. நான் மின்வாரியத்துல லைன் இன்ஸ்பெக்டரா இருந்து ஓய்வு பெத்தவன். கஜாவுக்கு எங்கள மத்திய மாவட்டத்துலேர்ந்து டெல்டாவுக்கு அனுப்புனாங்க, கேரளாவுலேர்ந்தெல்லாம் ஆளு வந்து நம்ம பசங்களோட தோளோட தோளா நின்னாங்க. ஒரு லட்சத்துக்கு மேல போஸ்ட் விழுந்து கெடந்துச்சு. ஜனங்க கேப்பாங்க, பக்கத்து ஊருக்கு வந்துருச்சு எங்களுக்கு ஏன் வரலன்னு. கோவத்துல நியாயம் இருக்கு, ஆனா வேல எப்படி நடக்குதுன்னு தெரிஞ்சா நாம எத்தன நாளுக்கு தயாரா இருக்கணும்னு புரியும், அதுக்காக சொல்றேன்.

முதல்ல பெரிய டவர் லைன், 110 கேவி (1,10,000 வோல்ட்) துணைமின் நிலையம். அது வந்தாத்தான் 33 கேவி, அதுக்கு கீழ 11 கேவி ஃபீடர். ஃபீடர்ல ஆஸ்பத்திரிக்கும் குடிதண்ணி திட்டத்துக்கும் போறத முதல்ல எடுப்பாங்க. அப்பறம் டிரான்ஸ்பார்மர், அதுக்கப்பறந்தான் உங்க தெருவுக்கு வர்ற தாழ்வழுத்த லைன், கடைசியில வீட்டு சர்வீஸ் வயரு. அதனால ஊருக்கு ஒதுக்குப்பறமா தோப்புக்குள்ள இருக்கற வீட்டுக்கு கடைசியாத்தான் வரும். கார்த்திக மாசம் டெல்டாவுல வயல் பூரா தண்ணி, சம்பா பயிரு நிக்குது, கிரேன் எறங்காது. காங்கிரீட் போஸ்ட்ட கயிறு கட்டி பன்னெண்டு பேரு தோள்ல தூக்கிட்டு வரப்புல நடந்தோம். குழி தோண்டுனா சேறு மூடும், எறச்சுட்டு திரும்ப தோண்டணும். ஒரு நாளைக்கு எத்தன போஸ்ட் நடுவீங்க சொல்லுங்க.

இப்ப நான் கைய கூப்பி கேக்கறது ஒண்ணு. ஜென்செட்ட வீட்டு வயரிங்ல ஒரு பிளக்க குத்தி அப்படியே ஓட்டாதீங்க. மெயின அணைக்க மறந்துட்டு ஓட்டுனா உங்க வீட்டு 230 வோல்ட் சர்வீஸ் வயர் வழியா பின்னால போயி டிரான்ஸ்பார்மர்ல தலைகீழா ஏறி 11,000 வோல்ட்டா லைனுக்கு போகும். மேல போஸ்ட்ல ஒருத்தன் லைன் செத்துருக்குன்னு நம்பி கைய வச்சிருப்பான். லைன துண்டிக்கற ஏபி சுவிட்ச தொறந்து, லைன மண்ணோட இணைக்கற எர்த் ராடு போட்டுதான் ஏறுவோம், ஆனா விழுந்து கெடக்கற ஊர்ல எந்த வீட்லேர்ந்து எந்த நேரத்துல எந்தப்பக்கம் வரும்னு யாருக்கு தெரியும். எலக்ட்ரீசியன வச்சு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடுங்க, அப்பதான் ஈபி லைனும் ஜென்செட்டும் ஒருகாலும் ஒண்ணு சேராது. முடியலன்னா மோட்டார் வயர வீட்டுலேர்ந்து பிரிச்சு நேரா ஜென்செட்ல கொடுத்து ஓட்டுங்க.

ஜென்செட்ட வீட்டுக்குள்ள, திண்ணையில, ஜன்னல் ஓரத்துல வச்சு ஓட்டக்கூடாது. அந்த பொகையில மணமே இல்லாத விஷவாயு இருக்கு, தூங்கறவங்க தூக்கத்துலயே போயிருவாங்க.

அறுந்து கெடக்கற வயர்ல கரண்ட் இருக்காதுன்னு யாரும் மிதிக்க வேண்டாம். மாட்ட அவுத்து விடறதுக்கு முந்தி மேய்ச்சல் வழிய ஒருதடவ கண்ணால பாத்துட்டு வாங்க. புகாருக்கு மின்வாரியத்தோட மின்னகம் 94987 94987, இத இப்பவே பேப்பர்ல எழுதி செவுத்துல ஒட்டுங்க, செல்லுல மட்டும் வச்சிருந்தா செல்லு செத்த அன்னிக்கு நம்பரும் சேந்து போயிரும்.

வெயில்_மின்சாரம்:
ஐயா, கும்புடறேன். இத எல்லாரும் படிக்கணும்.

ஒரு அளவு மட்டும் சேக்கறேன். 1 எச்பி சப்மெர்சிபிள்னா ஓடறப்ப 750 வாட் சொச்சம், ஆனா ஸ்டார்ட் ஆகறப்ப பல மடங்கு இழுக்கும், அதனால 1 கேவிஏ சின்ன பெட்டி ஜென்செட்ட வாங்கிட்டு மோட்டார் ஓடலன்னு வருத்தப்படாதீங்க, 3 கேவிஏவாவது இருக்கணும்.

இரவுப்பணி_செவிலி:
பேராவூரணி அக்கா, அப்பா இன்சுலின பத்தி யாரும் பேசல, நான் ஆஸ்பத்திரியில வேல பாக்கறேன், எனக்கு தெரிஞ்சத சொல்றேன், அப்பாவ பாக்கற டாக்டர்கிட்டயும் ஒரு தடவ கேட்டுக்குங்க. ஃப்ரிட்ஜ் நின்ன உடனே இன்சுலின் கெட்டுப்போயிரும்னு பயந்து ஊசியவே நிறுத்துனவங்கள நான் பாத்துருக்கேன், அதுதான் பெரிய ஆபத்து. தொறந்து பயன்படுத்துற பாட்டில் வெயில் படாத குளுமையான எடத்துல இருந்தா பெரும்பாலான வகை நாலு வாரம் வரைக்கும் தாங்கும், அட்டையில எத்தன நாள், எவ்வளவு சூடு வரைக்கும்னு போட்டுருக்கும். தொறக்காத பாட்டில பானைக்குள்ள வைங்க. பெரிய மண்பானையில கொஞ்சம் மணல் போட்டு நனச்சு, உள்ள ஒரு சின்ன கலயம், கலயத்துக்குள்ள பிளாஸ்டிக் டப்பாவுல மருந்து, மேல ஈரத்துணி. நிழல்ல காத்து படற எடத்துல வச்சு மணல் காயாம பாத்துக்கணும். மருந்து மேல தண்ணி படக்கூடாது, ஐஸ்கட்டிய ஒட்டி வைக்கவே கூடாது, ஒரு தடவ ஒறஞ்சுட்டா அந்த இன்சுலின் வீண். வழக்கமா தெளிவா இருக்கற வகை கலங்குனாலும், எந்த வகையா இருந்தாலும் திரி திரியா கட்டி தெரிஞ்சாலும் போடாதீங்க.

அம்மாவுக்கு நெபுலைசர் மட்டும் நம்பி இருக்காதீங்க. இன்ஹேலரும் அதுல மாட்டி இழுக்கற ஸ்பேசரும் டாக்டர்கிட்ட எழுதி வாங்கி, இப்பவே பழக்கிருங்க, மூச்சு தெணற்ற நேரத்துல புதுசா பழக்க முடியாது. மருந்து ஒரு மாசத்துக்கு கையில இருக்கட்டும். பிளாஸ்டிக் தாள்ல சுத்தி வைங்க, கூர ஒழுகும். வெறகு அடுப்பு, மண்ணெண்ணெய் வெளக்கு பொக அம்மாவுக்கு ஆகாது, அவங்க ரூம்ல எல்இடி தான்.

அடுக்குமாடி_வாசி:
நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன், கோச்சுக்காதீங்க. இவ்வளவு வியாதி இருக்கற ரெண்டு பேர ஏன் அங்க வச்சிருக்கணும். எச்சரிக்க வந்த உடனே கோயமுத்தூருக்கு கூட்டிட்டு வந்துருங்க. மூணு நாள் முன்னாடியே தெரிஞ்சுருதே.

பேராவூரணி_பொண்ணு:
கோவம் இல்லங்க, நான் ஒவ்வொரு வருஷமும் கேக்கறதுதான். வீட்ல ரெண்டு பசுமாடு, ஒரு கன்னுக்குட்டி. கஜாவுக்கு அப்பறம் அப்பா வச்ச தென்னம்புள்ள இப்பதான் பாளை விடுது. "நான் இல்லாதப்ப அது சாஞ்சா யாரும்மா பாக்கறது"ங்கறாரு. அவரு இருந்தாலும் சாயறது சாயத்தான் செய்யும்னு அவருக்கு தெரியாமயா இருக்கும். ஆனா கூட இருக்கணுங்கறாரு. அம்மா அவர விட்டுட்டு வரமாட்டாங்க.

முந்திரிக்காடு:
வரமாட்டாங்க அக்கா. எங்க தாத்தாவும் வரல.

மட்டக்களப்பு_மூத்தவர்:
பிள்ளையள், நான் மட்டக்களப்பு. 1978 நவம்பர் 23 இரவு எங்கட ஊர அடிச்ச சூறாவளிய கண்டவன், அப்ப எனக்கு பதினாறு வயசு. தென்னயெல்லாம் தலையில்லாம நிண்டது. கரண்ட பத்தி கனபேர் அப்ப கவலப்படேல்ல, கன வீடுகளில கரண்டே இல்ல, அரிக்கன் லாம்புதான். கிணறு இருந்தது, அம்மி இருந்தது. எண்டாலும் கிணத்துக்குள்ள ஓடு, கிடுகு, குப்ப எல்லாம் விழுந்து தண்ணி நாறிப் போச்சு, அந்தத் தண்ணிய குடிச்ச ஆக்களுக்கு வயித்தோட்டம். புயலுக்கு முதல் கிணத்த தறப்பாள் போட்டு இறுக்கி மூடுங்கோ. பிறகு இறைச்சுப்போட்டு, குளோரின் போட்டு, குடிக்கிற தண்ணிய கொதிக்க வச்சு குடியுங்கோ. தங்கச்சி, அப்பாவுக்கு சொல்லுங்கோ, மூடின கிணத்த திறக்கச் சொல்லி.

பேராவூரணி_பொண்ணு:
ஐயா, நீங்க எழுதுனத அப்படியே ஃபோன்ல அப்பாவுக்கு படிச்சு காட்டுனேன். கொஞ்ச நேரம் பேசல. "பலக ரெண்டு பேரு தூக்குனா வந்துரும்"னாரு.

ஓய்வுபெற்ற_லைன்மேன்:
அம்மா, அவசரப்பட்டு யாரையும் உள்ள எறக்கிறாதீங்க. வருஷக்கணக்கா மூடிக் கெடந்த கிணத்துல விஷக்காத்து தங்கியிருக்கும், எறங்குனவன் மயங்கி விழுவான், அவன தூக்க எறங்குனவனும் விழுவான். விளக்க எறக்கி பாக்கறத மட்டும் நம்பாதீங்க. பலகைய எடுத்துட்டு பல நாள் தொறந்து விடுங்க. மேலேர்ந்தே மோட்டார் போட்டு எறைங்க, தூர் வார்ற ஆளுங்க கருவியோட இருக்காங்க, அவங்கள வச்சு செய்ங்க.

தோப்புத்துறை_தம்பி:
இவ்வளவு பேசியாச்சு, செல்ல பத்தி நான் சொல்றேன். வேதாரண்யம் பக்கம் எங்களுக்கு கஜாவுல டவர் சாஞ்சுருச்சு, நிக்கற டவரும் பேட்டரி டீசல் தீந்த உடனே நின்னுருச்சு. சிக்னல் இல்லாத எடத்துல செல்லு டவர தேடித்தேடியே சார்ஜ் எறங்கிரும், அதனால ஏரோபிளேன் மோடுல போட்டு வைங்க. வீட்டுக்காரங்களோட முன்னாடியே நேரம் பேசிக்கணும், காலையில 8 மணி, சாயங்காலம் 6 மணி, அப்ப மட்டும் ஆன் பண்றது. வெளியூர்ல இருக்கற புள்ளைங்க மத்த நேரத்துல லைன் போகலன்னு பதறாம இருப்பாங்க, அந்த பதட்டம் எங்க அக்காவ மஸ்கட்ல எட்டு நாள் சோறு திங்க விடல. டிராக்டர் பேட்டரி, பைக் பேட்டரி எல்லாத்துலயும் சார்ஜ் போடலாம், 12 வோல்ட் யூஎஸ்பி சார்ஜர் நூறு எரநூறு ரூபாதான். செல் போட்ட ரேடியோ ஒண்ணு கண்டிப்பா வேணும், எங்களுக்கு காரைக்கால் பண்பலையும் திருச்சி வானொலியும் எடுக்கும்.

ஃப்ரிட்ஜுக்கும் ஒண்ணு. முந்தின நாளே தண்ணி பாட்டில ஃப்ரீசர்ல நெறச்சு ஒறைய விட்டுருங்க. மூடி தொறக்காம இருந்தா கீழ் தட்டு நாலு மணி நேரம் தாங்கும், நெறஞ்ச ஃப்ரீசர் ரெண்டு நாள் வரைக்கும். அந்த ஐஸ் கரைஞ்சா குடிதண்ணி ஆச்சு.

பேராவூரணி_பொண்ணு:
எல்லாருக்கும், மூணு வாரம் கழிச்சு எழுதறேன். தீவாளிக்கு ஊருக்கு போயி பத்து நாள் இருந்துட்டு வந்தேன்.

வீட்டுக்குன்னு தனியா ஜென்செட் வாங்கல. எங்க தெருவுல பதினோரு வீடு சேந்து ஒண்ணு வாங்கிருக்கோம், 3 கேவிஏ, கீழத்தெரு மாட்டுக்கொட்டாய்ல நிக்குது, அங்கதான் நல்ல உசரம். எல்லா வீட்டு மோட்டாருக்கும் தனியா பிளக் வச்சு எலக்ட்ரீசியன் வேல முடிச்சுட்டாரு, லைன்மேன் ஐயா சொன்னத அவருக்கும் காட்டுனேன். நோட்டு எழுதறது பால் கொடுத்த அந்த வீட்டு சின்னம்மா, கேட்ட உடனே சரின்னாங்க. முதல் பக்கத்துல இன்சுலின் போடறவங்க பேரா எழுதிருக்காங்க, எங்க தெருவுல மட்டும் ஏழு பேராம், எனக்கே இப்பதான் தெரியுது.

அம்மா ஸ்பேசர்ல இழுக்க பழகிட்டாங்க. மண்பானை ரெண்டு வாங்கி வச்சாச்சு. ஒரு ரூமுக்கு மட்டும் சின்ன இன்வெர்ட்டரும் பிஎல்டிசி ஃபேனும்.

கிணத்து பலகைய எடுத்து ஒரு வாரம் தொறந்தே கெடந்துச்சு, அப்பறம் தூர் வார்றவங்க வந்து மூணு நாள் எறச்சாங்க. சேறு, தென்ன மட்ட, என் சின்ன வயசு பித்தள சொம்பு ஒண்ணு கெடச்சுது. நாலாம் நாள் காலையில ஊத்து தெளிஞ்சு வந்துருச்சு. அப்பா புதுசா ராட்டினம் வாங்கி மாட்டி, கம்பி வல போட்டு மூடி செஞ்சுருக்காரு, மேல கட்டறதுக்கு தார்ப்பாயும் கயிறும் கொக்கியில தொங்குது. கஜா அன்னிக்கு மடியில இருந்த என் புள்ளைக்கு இப்ப ஏழு வயசு. அவதான் முதல் வாளிய தாத்தாவோட சேந்து இழுத்தா, பாதி தண்ணி காலுல ஊத்திக்கிட்டு, மிச்சத்த கொண்டுபோயி புது தென்னம்புள்ளைக்கு ஊத்துனா.